மதினி வெட்டிய கயிறு

மதினியிடம் ‘பார்த்தாச்சு’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தீர்ந்தது. அதுவரைக்கும் பார்க்காமல் விட்டிருந்தாலும் விட்டிருப்பார். அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டால், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எழுந்து வந்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

என் பெரியப்பா மகனைக் கட்டியவர். அண்ணன் ஜீப்பு ஓட்டினார். விடியும் முன்னே போடியில் ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போவதும், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்குவதும் அவர் சோலி. நானும் இன்னும் இரண்டு பேரும் மரம் ஏறுகிறவர்கள். மதினி கீழே நின்று கயிறு பிடிக்கிறவர். வயதில் மூத்த ஆம்பளைகள்கூட அவரை மதினி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஏலச்செடி ஒரு கோணப்புத்திப் பயிர். வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது. தலைக்குமேல் பெரிய மரங்கள் நிற்க வேண்டும், ஆனால் பருவமழைக்கு முன்னால் அந்த மரங்களின் கொம்புகளைக் கழித்து வெளிச்சம் விட வேண்டும். இல்லாவிட்டால் செடி அழுகும். கழித்த கொம்பு பொத்தென்று விழுந்தாலும் அடியில் இருக்கிற செடி நாசம். அதனால் மேலே இருக்கிறவன் கொம்பை ஒரு கயிற்றில் கட்டிவிட்டு அறுப்பான். கீழே இருக்கிறவர் அந்தக் கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல விட்டு, செடிகளுக்கு நடுவில் இறக்க வேண்டும். அது இறக்குகயிறு. நாங்கள் தொங்குவது வேறு கயிறு, ஏறுகயிறு. மணல் பை கட்டிய நூலை எறிந்து, நல்ல கவட்டையாகப் பார்த்து அதைப் போட்டிருப்போம். இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு சின்னக் கயிறு அதன்மேல் சுற்றி முடிச்சாக இருக்கும். உடம்பின் கனம் விழுந்தால் முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும், கையால் தளர்த்தினால் வழுகிக் கொடுக்கும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்தக் கயிறு நன்றாக இருந்தால்தான் வித்தைக்கு மதிப்பு.

மதினி முதலில் ஏலப்பழம் எடுக்கத்தான் மலைக்கு வந்தார். ஒருநாள் கயிறு பிடிக்கிற ஆள் வரவில்லை. ஒரு பலாக்கொம்பை அறுத்துத் தொங்கவிட்டுவிட்டு நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சரிவிலிருந்து வந்து கயிற்றை வாங்கிப் பிடித்தார். பிடித்தவர் பிறகு விடவில்லை. அந்த ஆள் மறுநாள் வந்து பார்த்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

காலையில் ஜீப்பு கிளம்பும் முன் எல்லாரும் டீ குடிக்கப் போவோம். மதினி ரோட்டோரமாய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏறுகயிற்றை முனையிலிருந்து முனைவரைக்கும் விரல்களுக்கு நடுவில் ஓடவிடுவார். கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் என்று தோன்றும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்க மாட்டார், மறுபடியும் முதலிலிருந்துதான். இது தெரியாமல் ஒருதரம் அண்ணன் “டீ ஆறுது” என்று இரண்டு முறை சொல்லப்போய், அன்றைக்கு ஜீப்பு கிளம்பியது வெயில் ஏறிய பிறகு. ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாம் அண்ணனைத்தான் திட்டினார்கள்.

மரத்தடியில் போனாலும் விடிவு கிடையாது. கயிறு போட்ட பிறகு நாம் தொங்கிப் பார்ப்பதோடு, அவரும் தொங்குவார். சேலைக்குமேல் அண்ணனின் பழைய சட்டை, தலையில் துண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து மொத்தக் கனத்தையும் போட்டு ஆடிப் பார்ப்பார். பழம் எடுக்கிற பெண்கள், மதினிக்கு ஊஞ்சல் வேண்டுமாம், மாப்பிள்ளையிடம் சொல்லிக் கட்டித்தரச் சொல்ல வேண்டும் என்று கேலி செய்வார்கள். மதினிக்குக் கோபம் வராது. வந்தால் பரவாயில்லை என்று எங்களுக்குத் தோன்றும். சிரித்துக்கொண்டே இன்னொரு ஆட்டம் ஆடுவார்.

உங்கள் வீட்டில் யாராவது மரத்திலிருந்து விழுந்திருக்கிறார்களா என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அப்படி ஒரு கதை இருந்தால் எங்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. அவர் அப்பா கிழடு தட்டி, படுக்கையில் போனவர். “ஒருத்தர் விழுந்தாத்தேன் எனக்குப் புத்தி வரணுமாக்கும்?” என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். சிலிண்டரை அணைத்துவிட்டேன் என்று அண்ணன் சொன்னால் போய்த் திருகிப் பார்ப்பார். கதவைப் பூட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பார். பஸ்சின் நெற்றியில் போடி என்று எழுதியிருக்கும். கண்டக்டரிடம் கேட்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருக்கிற அம்மாவிடமும் கேட்பார். அண்ணன் கல்யாணமான புதிதில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு சிரிப்பது குறைந்தது. பிறகு சொல்வதும் குறைந்தது.

கயிற்றுக்கு வயதாகிவிட்டது என்று மதினிக்குத் தோன்றினால் அன்றைக்கே அருவாளை எடுத்துத் துண்டு போட்டுவிடுவார். இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாகம், ஒன்றரைப் பாகம், அதற்குமேல் நீளம் இருக்காது. எங்கள் பக்கம் கயிற்றை யாரும் வீணாக்க மாட்டார்கள். மாடு கட்டக் கேட்பார்கள், லோடு கட்டக் கேட்பார்கள், பிள்ளைக்குத் தொட்டில் கட்டக்கூடக் கேட்பார்கள். முழுக் கயிறாக ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. முழுசாகக் கொடுத்தால் அது என்றைக்காவது திரும்பி வந்து ஒருத்தன் இடுப்பில் ஏறும் என்பார். கஞ்சம் என்று ஊரில் பேர் வாங்கினார்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது அவர் கூப்பிடுவது. நான் மேலே இருக்கும்போது கீழேயிருந்து “தம்பி” என்பார். நான் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் “தம்பி.” மறுபடியும் “இருக்கேன்.” நாள் முழுக்க இதே பாட்டு. பாதி வேலை ரம்பத்தில் என்றால் பாதி வேலை இதற்குப் பதில் சொல்வதில். ஒருநாள் மத்தியானம் ஒரு பெரிய நாவல் மரத்தின் உச்சிக்கொம்பில் நான் காலை ஊன்றி நிற்கிறேன், இன்னும் ஒரே கொம்பு. கீழேயிருந்து இறங்கச் சொல்லிவிட்டார். எதற்கு என்று கத்தினேன்.

“கூப்பிட்டா ஒரு மூச்சு கழிச்சு வருது உன் பதிலு. எறங்கு.”

மழை இல்லை, மூடுபனி இல்லை, முடிச்சில் கோளாறு இல்லை. பதில் லேட்டாக வந்ததாம். இறங்கினேன். சூப்பர்வைசர் வந்து, ஒரு கொம்பை விட்டுவிட்டு யாராவது இறங்குவார்களா என்று மலையாளமும் தமிழும் கலந்து வைதார். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து, அந்தக் கொம்பைச் சாயங்காலம் அறுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மதினி செய்த எல்லாவற்றுக்கும் முடிவு அதுதான், ஒன்றும் நடக்கவில்லை என்பது. அதைக் கொண்டாடுவதா, அலுத்துக்கொள்வதா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் பெரும்பாலும் அலுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு வலது தோள் தூக்க வராது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன். விழுந்ததனால் வந்த வலியா என்று கேட்பவர்களிடம், ஏறி ஏறித் தேய்ந்தது என்று சொல்கிறேன். இத்தனை வருசம் ஏறியவன் தேய்ந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது யாரால் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு வருசம் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனத்துப்போகிறது.

அது கோடைமழை பிடித்துக்கொண்ட சமயம். எங்களுக்கு அந்த வருசம் கிடைத்ததிலேயே பெரிய தோட்டம் அது, சரிவு முழுக்க மரம். பருவமழைக்குள் முடித்துக் கொடுத்தால் வருசா வருசம் நமக்கே என்று சொல்லியிருந்தார்கள். தினமும் போய்த் திரும்ப முடியாது என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலேயே தங்கினோம். அண்ணனும் எங்களோடு தங்கி, பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்கினார். ஏறுகயிறு புது நைலான், கொச்சியிலிருந்து வரவழைத்தது. கயிறும் பெல்ட்டும் ஜீப்புக்குள்ளேயே இருக்கும். ஜீப்பு, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. ஆள் இறக்கிவிடப் போன அண்ணன் சேறும் சகதியுமாக நேரம் கழித்துத்தான் வந்தார். மறுநாள் காலையில் பெரட்டு. தோட்டத்தில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு அதுதான் பேர். எல்லாரும் கூடி நிற்கிறோம், பழம் எடுக்கிறவர்கள், வேறு ஜீப்பு டிரைவர்கள், சூப்பர்வைசர் எல்லாரும். மதினி ஒரு ஓரமாய் உட்கார்ந்து கயிற்றை விரலில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது. பின்னால் போனது, திரும்ப வந்தது, மறுபடியும் அங்கேயே நின்றது. கண்ணைத் திறந்தார்.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். நேற்று ஜீப்பு சேற்றில் மாட்டியதா என்று. மாட்டவில்லை என்றார் அண்ணன். இந்தக் கயிற்றை வைத்து எதையாவது இழுத்தீர்களா என்று கேட்டார். நான் கயிற்றைத் தொடவே இல்லை என்றார். மதினி, யோசித்துச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கேட்டார். பக்கத்தில் நின்ற டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. குலசாமி மேல் சத்தியமாய்த் தொடவில்லை என்றார்.

மதினி கயிற்றின் அந்த இடத்தை வளைத்துப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் வளைந்து கொடுத்தது, அந்த இடம் மட்டும் விறைத்துத் தட்டையாக நின்றது. மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தார். பிறகு எழுந்து போய் அருவாளைக் கொண்டுவந்தார்.

அண்ணன் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

“அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?”

மதினி பதில் சொல்லவில்லை. ஒரு கட்டையின் மேல் கயிற்றை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். நாலு நாள்கூடப் பழகாத கயிறு. நான் ஓடிப்போய் அருவாளைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டு, இருந்த துண்டுகளையும் வெட்டி முடித்தார். இறக்குகயிற்றில் தொங்கி ஏறுகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். அது கொம்பின் கனத்தை இழுத்து இழுத்து வாங்கின கயிறு, ஆள் தொங்கக் கூடாது என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். கொச்சிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். கயிறு வரும் முன் பருவமழை வந்துவிட்டது. சூப்பர்வைசர் வேறு கூட்டத்தைக் கூட்டிவந்து, கிடைத்த இடைவெளியில் வேலையை முடித்துக்கொண்டார். அந்தத் தோட்டம் அதோடு எங்கள் கையை விட்டுப் போயிற்று.

வேலை போனதை நாங்கள் தாங்கிக்கொண்டோம். அண்ணனால்தான் தாங்க முடியவில்லை. ஜீப்பு ஸ்டாண்டில் அவரைப் பிடித்துத் தின்றுவிட்டார்கள். என்னண்ணே, உங்க வீட்டுல கயிறு சொல்லுறதுதேன் எடுபடுமாமே என்பான் ஒருத்தன். சத்தியம் பண்ணுவதென்றால் கயிற்றைத் தொட்டுப் பண்ணியிருக்க வேண்டும் என்பான் இன்னொருத்தன். அண்ணன் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, அடி இல்லை, கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. வருவார், உட்காருவார், சாப்பிடுவார். மோர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, மோர் இருந்தா ஊத்தலாம் என்பார். மதினி ஊற்றுவார். அந்த வீட்டுக்குள் போய் உட்கார எனக்கே சங்கடமாக இருந்தது. மழைக்காலம் பூராவும் இப்படியே போயிற்று.

மழை குறைந்து பழம் எடுப்பு மும்முரமானதும், மூட்டை இறக்குகிற வேலையாக நான் அதே தோட்டத்து ஸ்டோருக்குப் போனேன். அங்கே அடுப்புப் பார்க்கிற ஆள் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா ஒன்று கொடுத்துவிட்டு, அந்தப் புதுக் கயிறு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எந்தக் கயிறு என்றேன்.

“அடிபொளி கயிறுப்பா அது. அன்னிக்கு ராத்திரி மழையில எங்க லோடு ஜீப்பு வளைவுல எறங்கிருச்சு. உங்க ஜீப்புல இருந்துச்சு, ஆளக் காணோம், எடுத்துக் கட்டி ஒரே இழுப்பு. சேறாயிருச்சேன்னு அலசி, ஸ்டோருக்குள்ள சூட்டுக் குழாய் மேல காயப்போட்டு, எப்படி இருந்துச்சோ அப்படியே சுத்தி வச்சுட்டோம்ல.”

நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில். அந்தச் சமயம் கடைசிக் கோடைப்பழம் காய்ந்துகொண்டிருந்த ஸ்டோர். உள்ளே நின்றால் கண் எரிகிற சூடு. நைலானுக்குச் சூடு ஆகாது, அதில் ஒரு ராத்திரி கிடந்திருக்கிறது நான் தொங்க வேண்டிய கயிறு. சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு மதினி முதலில் சொன்னது இதுதான்.

“ஸ்டோரு சூட்டுலயா போட்டாக? அப்ப வெட்டுனது சரித்தேன்.”

அடப் பாவி மதினியே என்று இருந்தது எனக்கு. அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். இத்தனை மாதம் கழித்து முதல்முறையாகச் சுவரை விட்டுவிட்டு மதினியைப் பார்த்துப் பேசினார்.

“நான் பண்ணுன சத்தியம் பொய்யில்லன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுச்சா?”

“அது அன்னிக்கே தெரியும்ங்க.”

“என்னத்தத் தெரியும்?”

“கயித்துல ஸ்டோரு வாசம் அடிச்சுச்சு. வாடகை ஜீப்புக்காரவுகள ஸ்டோருக்குள்ள விட மாட்டாக. நீங்க இல்லன்னு மோந்ததுமே தெரிஞ்சு போச்சு.”

மலையில் எல்லாவற்றிலும்தான் ஏலக்காய் வாசம் அடிக்கும். எங்கள் தலைமுடியில் அடிக்கும், சோற்றில் அடிக்கும். நாங்கள் யாரும் அதை மோந்து பார்த்திருக்க மாட்டோம், பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“உன்னையத்தேன் கேட்டேன், பொய் சொல்றேங்கிறியான்னு. அத்தன பேரு முன்னாடி கேட்டேன். இல்லங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

எந்தக் கேள்விக்கும் திருப்பி ஒரு கேள்வி வைத்திருக்கிற மனுசி, அன்றைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கயிறு கெட்டிருந்தது, வெட்ட வேண்டும், வெட்டினார். புருசன் பக்கத்தில் கேள்வியோடு நின்றது அவர் பார்க்க வேண்டியவற்றில் வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடியும் முன் மதினி அண்ணனின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு எங்கேயும் வேலை இல்லை. அண்ணன் வண்டியை எடுத்தார். ஸ்டோரில் எனக்கு இன்னும் மூட்டை வேலை பாக்கி இருந்தது, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தோட்டத்துக்குப் போனோம். பெரட்டில் ஆள் கூடியிருந்தது. மதினி இறங்கி நேராக நடுவில் போய் நின்றார்.

“எங்க வீட்டுக்காரரு அன்னிக்குக் கயித்தத் தொடல. எனக்கு அப்பவே தெரியும். அவுக கேட்டப்ப நான் சொல்லல. அதச் சொல்லத்தேன் வந்தேன்.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. எந்தக் கயிறு, எப்போது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதையை அவர்கள் எப்போதோ மறந்துவிட்டிருந்தார்கள். சூப்பர்வைசர், அது மழைக்கு முன்னாடி முடிஞ்ச காரியமாச்சே சேச்சி என்றார். கேலி செய்த டிரைவர்களில் ஒருத்தன் சிரித்தான், இன்னொருத்தன் பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போனான். மதினி எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்த்தார், சொன்னது விழுந்ததா என்று. பிறகு வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் எட்டி முன்கதவைத் திறந்துவிட்டார்.

நானும் மூட்டைச் சோலியை முடித்துக்கொண்டு மத்தியானம் அதே ஜீப்பில்தான் மலை இறங்கினேன். மெட்டுச் சோதனைச்சாவடி தாண்டி முதல் வளைவு இறங்கினோம். பிறகு அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார், நெசமாவே அன்னிக்கே தெரியுமா என்று. தெரியும்ங்க என்றார் மதினி. அடுத்த வளைவில் மறுபடியும் கேட்டார், இப்ப எனக்காகச் சொல்லலையே என்று. இல்லங்க, அன்னிக்கே தெரியும் என்றார். கொஞ்ச தூரம் போய், மோந்ததுமேவா என்றார். மோந்ததுமே என்றார் மதினி. கீழே அடிவாரத்து முந்தல் வருகிறவரைக்கும் அண்ணன் அதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். மதினி ஒருதரம்கூடக் குரலை உயர்த்தாமல், முதல்தரம் சொல்வது மாதிரியே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று.